ஒன்பது மணி முகூர்த்தம்

நான் அச்சுக் கோத்த நாளிதழைத் தென்னூரில் ஒரு குடும்பத்தார் நடத்தி வந்தார்கள். கீழே அச்சகம், மாடியில் முதலாளியின் வீடு. அவருடைய அப்பா தொடங்கிய பத்திரிகை அது. முதலாளிக்கு மெல்லிய குரல், மூச்சிழுப்பு வேறு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுவேன். எங்களுக்குள் ஒரு நாளில் பத்து வார்த்தை நடந்தால் அதிகம்.

கல்யாண விளம்பரங்களை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோக்க மாட்டோம். பழைய விளம்பரத்தின் ஈய எழுத்துகள் இரும்புச் சட்டத்தில் கோத்தபடியே இருக்கும். பெயர், இடம், நேரம் மட்டும் மாற்றுவோம். பொன்மலை ரயில்வே பட்டறைத் தொழிலாளி ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் ஒரு சத்திரம், காலை ஏழரைக்கு முகூர்த்தம். நான் பெயரை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், நேரத்தை விட்டுவிட்டேன். முந்தைய கல்யாணத்தின் ஒன்பது மணியே சனிக்கிழமைப் பேப்பரில் வந்துவிட்டது.

அன்று மதியமே பெண்ணின் தகப்பனார் பேப்பரோடு வந்தார். சத்தம் போடவில்லை.

"நான் இப்பவே சத்திரத்துக்குப் போயாகணும், மாப்பிள்ளை வீட்டார் வராங்க. பட்டறையில எல்லார்கிட்டயும் பேப்பரைப் பாத்து வந்துடுங்கன்னு சொல்லிட்டேன். தாலி கட்டறப்போ என் கூட வேலை பாக்கறவங்க ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்க."

மறுநாள் திருத்தம் போட்டாலும் பேப்பர் பொன்மலை போய்ச் சேரும்போது ஏழு மணி ஆகிவிடும். முதலாளி துண்டுக் காகிதத்தில் சரியான நேரத்தை அச்சடிக்கச் சொன்னார். அவர் ஒரு சைக்கிள், நான் ஒரு சைக்கிள். பட்டறை வாசலில் போய் நின்றோம்.

சங்கு ஊதியதும் சைக்கிள்கள் வெள்ளமாக வந்தன. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒருவரும் காகிதம் வாங்க நிற்கவில்லை. முதலாளி கூவிப் பார்த்தார். இரண்டு தடவைக்குள் இழுப்பு வந்து மதிலைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் போய்க்கொண்டே இருந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். பெண்ணின் தகப்பனார் பெயரைச் சொல்லி, முகூர்த்தம் ஏழரைக்கு, பேப்பரில் போட்டது தப்பு என்று திரும்பத் திரும்பக் கத்தினேன். சைக்கிள்கள் நின்றன. ஒருவர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்கறதாவது நிச்சயந்தானா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் மூச்சு வாங்கியபடியே சிரித்தார்.

திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தோம். பழைய வரியை எடுக்காமல் விட்டது நான்தான் என்று அவரிடம் சொன்னேன்.

"கடைசிப் பக்கத்துல வெளியிடுபவர்னு என் பேருதானே தம்பி இருக்கு" என்றார்.

மறுநாள் ஏழு மணிக்கே சத்திரத்து வாசலில் சைக்கிள் வைக்க இடமில்லை. பெண்ணின் தகப்பனார் எங்களைத் தயங்க விடாமல் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் முதல் பந்தியில் உட்கார வைத்தார்.

சில வருடங்களில் முதலாளி அந்த இழுப்பிலேயே போய்ச் சேர்ந்தார். அவருடைய மரண அறிவிப்புக்குப் பழைய சட்டத்தை நான் தொடவில்லை. முதல் எழுத்திலிருந்து புதிதாகக் கோத்தேன். பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அங்கே வெளியிடுபவர் என்று அவர் பெயர் இத்தனை வருடமும் எழுத்துப் பிரிக்காமல் கோத்தபடியே இருந்தது. அதை எடுத்துவிட்டு அவர் மனைவியின் பெயரை வைக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு வரிக்கு அன்று வெகு நேரம் ஆயிற்று.