சாக்பீஸ் வட்டம்

மணிலாவின் தொண்டோ பகுதியில் குழாய்த் தண்ணீர் வராத நாள் உண்டு, சந்தேகம் வராத நாள் கிடையாது. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் முழங்காலுக்குக் கீழே இறங்கிய பாவாடையுமாக இரண்டு இளம்பெண்கள் அங்கே ஒரு சந்துக்குள் நுழைந்து, "உங்க வீட்ல எத்தன பேருங்க?" என்று சிரித்த முகத்தோடு கேட்டால், வீடு நிறையப் பிள்ளை பெற்றவள்கூட "நான் ஒண்டிக்கட்டைம்மா" என்பாள். அவள் முதுகுக்குப் பின்னால் அத்தனை பிள்ளைகளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும்.

அந்த இருவரில் சின்னவள் ஜோவிலின் அபாதிங்கோ. அந்தீக்கே மாகாணத்தில் கரி மூட்டை விற்பவரின் மகள். ஒன்றரை வருஷம் சபைக்கு ஊழியம் செய்யக் கப்பலேறி வந்தவள். மூத்தவள் துகாதே, வடக்கே இலோகோஸ்காரி. ஊழியக்காரிகள் ஒருவரை ஒருவர் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருத்தி கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு இன்னொருத்தி போகவே கூடாது. குளியலறைக்கு மட்டும் விலக்கு. சிஸ்டர் துகாதே அங்கேயும் கதவுக்கு வெளியே நின்று வேத வசனம் ஒப்பிப்பாள். அவள் குறட்டை விட்டால் தெருவில் ஜீப்னி வண்டிகள் ஓரம் ஒதுங்கி வழிவிடும் என்று பேச்சு.

விடியுமுன் எழுந்து ஜெபம். பிறகு பாடம். அதன்பின் ஒத்திகை: துகாதே வீட்டுக்காரியாக நடிப்பாள், ஜோவிலின் கதவைத் தட்ட வேண்டும். நிஜ வீட்டுக்காரிகளைவிட துகாதே கொடுமையாகத் துரத்துவாள். பிறகு ஆளுக்கொரு கிண்ணம் அரிசிக் கஞ்சி. பொழுது சாயும்வரை நடை, நடை, நடை.

ஜோவிலினுக்கு ஒரு ரகசியம் இருந்தது. வந்து இத்தனை மாதமாகியும் அவள் சொல்லி ஒரு ஆள்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. கடவுள் தன்னைத்தான் அனுப்பினாரா, அல்லது தானாகவே கிளம்பி வந்துவிட்டோமா என்ற சந்தேகம் அவளை அரித்தது. சந்து முனையில் கோழிக்குடல் சுட்டு விற்கும் ஃபெலிங் அக்கா ஒருத்திதான் வருகிற ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறங்குகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். "இந்த ஒருத்தி வந்தா நான் இருப்பேன். இல்லன்னா கப்பலேறிடுவேன்," என்று ஜோவிலின் கடவுளிடம் கறாராகப் பேசி வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்தாள். சந்தில் எந்த வீட்டுக்கும் எண் கிடையாது. எல்லாம் ஒரே மாதிரி தகரமும் பலகையும். நேற்று துரத்திய வீட்டிலேயே இன்றும் போய்த் தட்டி ஏச்சு வாங்கினார்கள். அப்பா மூட்டைகளில் அடையாளம் போடுவது ஜோவிலினுக்கு நினைவு வந்தது. ஒரு சாக்பீஸ் வாங்கினாள். சிக்கனத்துக்குப் பேர்போன ஊர்க்காரி துகாதே அதையும் உடைத்துத்தான் கொடுத்தாள். உட்காரச் சொன்ன வீட்டுக் கதவுநிலையில் சின்ன வட்டம். நாய் இருந்தால் பெருக்கல் குறி. குடித்துவிட்டுப் பேசுகிறவர் வீட்டில் நெளிகோடு.

கால்வாய்க்கு அந்தப் பக்கத்தில் முன்பொரு முறை வீடுகளை இடித்துத் தள்ளினார்களே, அதற்கு முன்னாலும் இப்படித்தான் சுத்தமான உடுப்புக்காரர்கள் வந்தார்கள், தலை எண்ணினார்கள், கதவில் குறி போட்டார்கள். இது சந்தில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அந்தீக்கேயிலிருந்து வந்தவளுக்கும் இலோகோஸிலிருந்து வந்தவளுக்கும் தெரியாது.

மறுநாளே கதவுகள் சாத்திக்கொண்டன. "அம்மா வீட்ல இல்ல," என்று உள்ளிருந்து அம்மாவே குரல் கொடுத்தாள். மீன் கழுவிய தண்ணீர் தற்செயலாக ஜோவிலினின் காலடியில் விழுந்தது. தற்செயல் வீட்டுக்கு வீடு நடந்தது. ஃபெலிங் அக்கா விசிறியைக் கீழே வைக்கவில்லை, தலையையும் தூக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம ஞாபகம் இருக்குல்லக்கா?"

"பாப்போம்."

"பாப்போம்னா?"

"பாப்போம்னா பாப்போம். தள்ளி நில்லு சிஸ்டர், புகை உன் சட்டைய கெடுத்துரும்."

யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று ஜோவிலின் முடிவு கட்டினாள். கத்தோலிக்கக் கோயில் ஜெபமாலைக் கிழவிகள் முதலில் அவள் சந்தேகத்தில் மாட்டினார்கள். அப்புறம் துகாதே. நேற்று நான் துணி அலசும்போது ஃபெலிங் அக்காவிடம் இவள் என்ன குசுகுசுத்தாள்?

இதற்குள் சந்து தன் வேலையைத் தொடங்கியிருந்தது. கொல்லர் இஸ்கோ தன் கதவுநிலையிலிருந்த வட்டத்தை எச்சில் தொட்டு அழித்துவிட்டு மச்சான் வீட்டில் வரைந்தார். மச்சான் அதை வாடகைக்காரனுக்குத் தள்ளிவிட்டார். குறிகள் சந்து முழுக்க நடமாடின. ஒரு நெளிகோடு கோயில் கதவுவரைக்கும் போய்த் திரும்பியதாகச் சொல்கிறார்கள். ஜோவிலின் வட்டம் பார்த்து நம்பி ஒரு கதவைத் தட்ட, கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய் வந்து அவள் பாவாடை விளிம்பில் ஒரு முழத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டது.

"நீங்கதான மாத்தி வச்சீங்க?" என்றாள் துகாதேயிடம்.

"எனக்கு வேற வேல இல்ல? உன் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கிறேன், எப்ப மாத்த? குளிக்கும்போதும் வெளியதான நிக்கிறேன்."

"அதான் சந்தேகமா இருக்கு."

அப்படியே முறைத்துக்கொண்டு சந்துக்குள் திரும்பியபோது, பட்டப்பகலில் தடித்த ஒரு பெண் ஈரத்துணியால் தன் கதவைத் துடைத்துவிட்டுப் பக்கத்துக் கதவில் பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"உன் வேலையத்தான். எப்ப இடிக்கிறீங்க, அத சொல்லு மொதல்ல."

கதவுகள் எல்லாம் ஒருசேரத் திறந்தன. வீட்டில் இல்லாத அம்மாக்கள் அத்தனை பேரும் வெளியே வந்தார்கள். ஜோவிலினுக்கு இப்போதுதான் விளங்கியது. "இடிக்க இல்லீங்க. வழி தெரியறதுக்குத்தான் போட்டேன்," என்றாள். யாரும் நம்பவில்லை.

"அப்ப எங்க வீட்ல நீ மொதல்ல போட்ட நெளிகோட்டுக்கு என்ன அர்த்தம்?" என்றார் இஸ்கோவின் மச்சான்.

அவள் துகாதேயைப் பார்த்தாள். பொய் சொல்லக் கூடாதே.

"சார் குடிச்சிருந்தீங்க. அப்புறமா வரலாம்னு."

 அவர் மனைவிதான் முதலில் சிரித்தாள். "அந்தக் கோட்ட அழிக்காதீங்க, பெயிண்ட்லயே போட்டு விடுங்க."

ஃபெலிங் அக்கா சிரிக்கவில்லை. "என் கதவுல வட்டத்துக்குள்ள வட்டம். அது என்ன?"

"நிச்சயமா வர்றவங்கன்னு அர்த்தம்க்கா."

"ஓ. என்னைய கேக்காமலே எனக்கு நிச்சயம் பண்ணிட்டியா?"

 ஜோவிலின் அந்தத் தடித்த பெண்ணிடமிருந்து ஈரத்துணியை வாங்கி ஒவ்வொரு கதவாகத் துடைத்தாள். துகாதே வாளி தூக்கினாள். பின்னாலேயே ஒரு கூட்டம் வந்து, துடைத்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலிருந்தே சபைக்கூடத்து ஞானஸ்நானத் தொட்டியில் ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீர் ஒழுகி நிரம்பியது. பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது, ஞானஸ்நானத்துக்கு யாரும் வரவில்லை. ஜோவிலின் மனதுக்குள் மூட்டை கட்டத் தொடங்கினாள். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடப் போனபோது வாசலில் ஃபெலிங் அக்கா நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை. கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள்.

நேராக அலமாரியைத் திறந்து பார்த்தாள். மேடைத் திரையை விலக்கிப் பார்த்தாள். நகராட்சி ஆள் யாரும் ஒளிந்திருக்கவில்லை. தொட்டித் தண்ணீரில் விரலை விட்டு முகர்ந்தாள்.

"நேத்துத் தண்ணியா?"

"இன்னிக்குப் புடிச்சதுக்கா."

"இன்னிக்கு நான் எறங்கப் போறதில்ல. சொல்லிட்டேன்."

"சரிக்கா."

வாசலுக்குப் பக்கத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜோவிலின் அருகே உட்கார, இருவருக்கும் நடுவில் பையை வைத்தாள். கொஞ்சநேரம் கூடத்தின் கூரையை, ஜன்னலை, துகாதேயை ஒவ்வொன்றாக அளந்தாள்.

"அடுத்த வாரமும் வந்து பாப்பேன். அதுக்கடுத்த வாரமும் பாப்பேன். எத்தன வாரம்னு எனக்கே தெரியாது. அதுவரைக்கும் நீ இருப்பியா? இல்ல, குறி போட்டுட்டு ஊருக்கு ஓடிருவியா?"

ஜோவிலின் தொட்டியைப் பார்த்தாள். கடவுளிடம் பேசி வைத்திருந்த கறாரில் இப்படி ஒரு வாரக்கணக்கு இல்லவே இல்லை.

"இருப்பேன்," என்றாள்.

ஃபெலிங் அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு சொல்லும் நம்பியதாகத் தெரியவில்லை.

"பாப்போம்," என்றாள்.