படுத்து எழுந்த பிரெஞ்சுக் கார்

சனிக்கிழமை மாலை கோமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, நானும் என் மனைவி செல்வியும் சங்கரன்கோவிலில் சென்னை ரயில் ஏறினோம். விடியும்போது விழுப்புரம். அங்கிருந்து புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர். பஸ்ஸில் ஆளுக்கு முப்பது ரூபாய்.

செல்வியின் தம்பி இசக்கி அங்கே மெக்கானிக். அறுபது வருடத்துப் பிரெஞ்சுக் கார் ஒன்றை இரண்டு வருடமாகப் பழுது பார்த்து வந்தான். அன்று கடற்கரைச் சாலையில் பழைய கார்களின் அணிவகுப்பு. அந்த ஒன்றரைக் கிலோமீட்டரை ஓடி முடித்தால் காரின் முதலாளி அதை வைத்துக்கொள்வார். இல்லையென்றால், இன்ஜினைக் கழற்றி ஹோட்டல் வாசலில் அலங்காரமாக நிறுத்தக் கேட்கும் ஒரு ஹோட்டல்காரருக்கு விற்றுவிடுவார். இதைப் போனில் சொல்லி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க என்றான் இசக்கி. அதனால்தான் போனோம்.

காலை ஏழு மணிக்கு ஷெட்டுக்குள் நுழைந்தோம். நீள மூக்கோடு, வயிறு தரையை ஒட்ட அந்தக் கார் கிடந்தது. பக்கத்தில் முதலாளி நிற்பதைக் கவனிக்காமல் வாயை விட்டேன்.

"என்ன மாப்ளே, வண்டி படுத்துட்டு போலுக்கே."

நம் பக்கம் வண்டி படுத்தது என்றால் சோலி முடிந்தது என்று அர்த்தம். முதலாளியின் முகம் வாடிவிட்டது. அவர் அப்பா வாங்கிய கார். அவருக்கு விவரம் தெரியும் முன்பே நின்றுவிட்டதாம்; அது ஓடி அவர் பார்த்ததே இல்லை. முந்தின நாள்தான் சென்னையிலிருந்து வந்திருந்தார். செல்வி என் கையைக் கிள்ளினாள்.

"அத்தான், இது படுக்குத வண்டிதான். ஆஃப் பண்ணினா படுக்கும், ஸ்டார்ட் பண்ணினா எந்திக்கும். நீங்க கொஞ்சம் சும்மா இரிங்க" என்றான் இசக்கி.

ஸ்பிரிங்குக்குப் பதில் எண்ணெயும் காற்றும் தாங்குமாம். இன்ஜினைக் கிளப்பினான். முதலில் பின்பக்கம், அப்புறம் முன்பக்கம். மாடு எழுந்திருக்கிற மாதிரியே எழுந்தது. முருகா என்றேன்.

ஒன்பது மணிக்கு அணிவகுப்பு. முன்பக்கமே கதவாகத் திறக்கும் முட்டை வடிவக் கார் ஒன்று, கூடவே கல்லூரிப் பிள்ளைகள் செய்த, வெயிலில் மின்சாரம் எடுத்து ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்று, நடுவில் எங்கள் கார். இசக்கி ஓட்ட, நாங்கள் முதலாளியோடு பின்சீட்டில் இருந்தோம். குண்டும் குழியும் தெரியவே இல்லை. ஒரு கிலோமீட்டர் தாண்டியிருக்கும், பின்பக்க டயர் வெடித்தது.

அந்த அளவு டயர் இங்கே கிடைக்காது; மாற்று டயரும் இல்லை. முதலாளி போனை எடுத்தார். "போதும் இசக்கி. அந்த ஹோட்டல்காரருக்கே சொல்லிடறேன்."

இசக்கி எங்களை இறக்கிவிட்டான். ஒரு லீவரைத் தள்ளிக் காரை உயர்த்தி, அடியில் முட்டுக்கட்டை வைத்து, வெடித்த சக்கரத்தைக் கழற்றினான்.

"சார், நீங்க முன்னால உக்காருங்க. பின்னால வெயிட் வேண்டாம்."

"மூணு சக்கரத்துல எப்படிப்பா?"

"போவும்னு புக்ல போட்டிருக்கு. நானும் இன்னைக்குத்தான் பாக்கப் போறேன்."

அவர் போனைப் பையில் போட்டுவிட்டு ஏறினார். முட்டுக்கட்டையை எடுத்ததும் கார் சாயவில்லை. மூன்று சக்கரத்தில் நின்றது. செல்வி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆடித் தபசுல கோமதி அம்மா ஒத்தக் கால்ல தவம் நிக்காளே, அப்படியே இருக்கு" என்றாள். கார் மெல்ல நகர்ந்தது. ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். கழற்றிய சக்கரத்தை உருட்டிக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். கடைசி அரைக் கிலோமீட்டரையும் அது ஓடி முடித்தது.

முதலாளி இறங்காமலே போனில் பேசினார். "வண்டி விக்கிறதுக்கு இல்லைங்க." அவ்வளவுதான்.

மதியம் ஊருக்குக் கிளம்புகிறோம் என்று சொல்ல ஷெட்டுக்குப் போனோம். ஓட்டுநர் இருக்கையில் முதலாளி உட்கார்ந்து பிரேக் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

"அந்தக் காளான் மாதிரி இருக்கே, அதான் சார். தொட்டாப் போதும். மிதிச்சா மூக்கு கண்ணாடியில இடிச்சிரும்" என்றான் பக்கத்தில் இருந்த இசக்கி.

நம் ஊரில் அப்பா விட்டுப்போன பொருளைப் பூட்டி வைப்போம், இல்லையென்றால் விற்போம். ஐம்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து அதைப் படித்துக்கொள்கிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். நாங்கள் விடைபெற்றது இரண்டு பேர் காதிலும் விழவில்லை. தாயே, இது போதும் என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறினோம்.