மாரியம்மன் பேரில் ஒரு நாய் லைசென்ஸ்

ரப்பர் தோட்டத்துக் கிராணி என்றால் பால் கணக்கு எழுதுகிறவன் என்று நினைப்பீர்கள். வருஷம் பிறந்துவிட்டால் அவன் வரி எழுதுகிறவன். வண்டிக்கு வரி, சைக்கிளுக்கு வரி, நாய்க்கு வரி. மலாயாவில் லிங்கிப் பக்கத்துத் தோட்டமொன்றில் அத்தனை படிவங்களையும் நான்தான் நிரப்பி டவுன் ஆபீசுக்குக் கொண்டுபோவேன். வரி கட்டி நொந்தவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். எனக்கோ எதையும் தோண்டித் தோண்டிக் கேட்கிற புத்தி. அதனால் நோவு கொஞ்சம் கூடுதல்.

செவ்வாய்க்கிழமைக் கெடு

அந்த வருஷம் மம்பாவ் பக்கமெல்லாம் வெறிநாய்ப் பயம். கழுத்தில் லைசென்ஸ் தகடு இல்லாத நாயைக் கண்ட இடத்தில் சுடலாம் என்று உத்தரவு. தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் நாலாம் லயத்தில் கறுப்பி என்று ஒரு நாய் இருந்தது. எல்லா வீட்டுச் சோறும் அதற்கு உண்டு. லயத்துக்குள் பாம்பு வந்தால் முதலில் குரைப்பது அதுதான். வீட்டுக்கு வீடு காசும் சேர்த்துவிட்டார்கள். ஆனால் கெடு செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் காசு வீட்டைவிட்டு வெளியே போகலாமோ?

ஏன் போகக்கூடாது என்று மாட்டுவண்டிக்கார வீரப்பனைக் கேட்டேன். லெட்சுமி போய்விடுவாள் என்றான். கட்டாவிட்டால் கறுப்பி போய்விடும் என்றேன். திங்கட்கிழமை சாயங்காலமே காசை முடிச்சோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தான்.

"நாளைக்கு நீங்க கட்டுங்கையா. போனா அது உங்க வீட்டு லெட்சுமிதானே."

சொந்தக்காரர் பெயர்

படிவத்தில் சொந்தக்காரர் பெயர் கேட்டிருந்தது. யார் பெயரைச் சொன்னாலும் மற்றவர்கள் ஒப்பவில்லை. பெயர் ஏறிய குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போனால் நாயையும் இழுத்துக்கொண்டு போய்விடுமாம். கங்காணி தன் பெயரை எழுதச் சொன்னார். அவர் வாசலில் கட்டிப்போட்டுவிடுவார் என்று லயமே சண்டைக்கு வந்தது.

உண்மையில் அது யாருடைய நாய் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆசையாகிவிட்டது. விடாமல் கேட்டேன். கடைசியில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அஞ்சலை வழி சொன்னாள். ஊரில் கோயில் நிலமும் கோயில் மாடும் யார் பேரில் இருக்கின்றன என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

"மாரியாத்தா பேர்ல எளுதுங்கையா. அவ இந்தத் தோட்டத்த விட்டு எங்கயும் போகமாட்டா."

தகடு போன இடம்

'மாரியம்மாள், நாலாம் லயம்' என்று எழுதிக் கொடுத்தேன். டவுன் ஆபீஸ் குமாஸ்தா தலை நிமிராமல் முத்திரை குத்தினார். பித்தளைத் தகட்டை வீரப்பனிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒருநாள் பார்த்தால் கறுப்பி வெறுங்கழுத்தோடு திரிகிறது.

தகடு தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இருந்தது. மஞ்சள் நீரில் கழுவி, குங்குமம் வைத்து, அம்மன் சூலத்தில் மாட்டியிருந்தார்கள். ஆத்தா பேரில் வந்ததை நாய் கழுத்தில் கட்டுவதா என்றார்கள். தலையில் அடித்துக்கொண்டேன். வீரப்பன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

"சூலத்துல இருந்தா லயத்துக்கே காவல்யா. நாய் கழுத்துல கெடந்தா நாய்க்கு மட்டுந்தானே?"

துப்பாக்கிக்காரர்

பயந்தபடியே ஒரு காலையில் துப்பாக்கிக்காரர் வந்தார். வயதான மலாய்க்காரர். எல்லோரும் பால்வெட்டுக்குப் போயிருந்தார்கள். கோயில் பூட்டியிருந்தது, சாவி பூசாரியிடம், பூசாரி மலைக்காட்டு வெட்டில். காய்ச்சலில் வீட்டில் கிடந்த அஞ்சலை கறுப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கோயில் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஆபீசிலிருந்து ஓடினேன். அந்த ஓட்டத்தில்தான் அது என் நாயும்கூட என்று எனக்குத் தெரிந்தது.

வரி கட்டியாயிற்று என்று மலாயில் சொன்னேன். தகடு கழுத்தில் இருக்கவேண்டும், அதுதான் சட்டம் என்றார். நியாயம்தான். அஞ்சலை நாயை மடியிலிருந்து இறக்கவில்லை. "தகடு உள்ள இருக்கு, நாய் வெளிய இருக்கு. நடுவுல கதவுதான் குத்தம். சுடணும்னா கதவச் சுடச் சொல்லுங்கையா" என்றாள். அப்படியே மொழிபெயர்த்தேன்.

அவர் கதவுக் கம்பி வழியாக உள்ளே பார்த்தார். தகடு தெரிந்தது. லைசென்ஸ் யார் பேரில் என்று கேட்டார். மாரியம்மாள் என்றேன். அந்த அம்மாள் எங்கே குடியிருக்கிறாள் என்றார். வேறு வழியில்லாமல் உள்ளே கையைக் காட்டினேன். அம்மனைப் பார்த்தவர், துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலாயில் சொன்னார்:

"சொந்தக்காரர் வீட்டு வாசலில் இருக்கிற நாயை நான் சுடுவதில்லை."

வரி விஷயத்தில் சுலபமான வேலை பணம் கட்டுவதுதான் என்று நான் சொன்னால், வரி கட்டி நொந்த நீங்களாவது சிரிக்கமாட்டீர்கள்.