ஓட்டைக் குடத்துப் பெண்

நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டில் அப்போது பதினொரு பேர். அதில் கதை சொல்லத் தெரிந்தவர் சின்னம்மா ஒருவர்தான். கன்னடம் பேசும் எல்லையோர ஊரிலிருந்து, பெற்றவர்கள் பேச்சை மீறிச் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தவர். ஏழு வருடமாகியும் பிறந்த வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

மத்தியானங்களில் புளி தட்டிக்கொண்டே கதை சொல்வார். கேட்பவன் வாக்கியத்துக்கு ஒரு 'ஹூம்' கொட்ட வேண்டும். எங்கள் பக்கத்து 'ம்' அவருக்குப் போதாது. மறந்தால் கதை நின்றுவிடும்.

மாற்றாந்தாய் ஒருத்தி மூத்தாள் மகளிடம் ஓட்டைக் குடத்தைக் கொடுத்துத் தண்ணீருக்கு அனுப்புவாள். ஒரு தவளை இரக்கப்பட்டு ஓட்டையில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். அந்த வழியாக வரும் ராஜா பெண்ணைக் கூட்டிப்போய்விடுவான்.

"அப்பனைப் பாக்க வரவே இல்லீங்களா?" என்று கேட்பேன்.

"வரலை சாமி. கதை அவ்ளோதான்."

பிற்காலத்தில் பல தேசத்துக் கதைப் புத்தகங்களில் இதே பெண்ணை ஒன்பது இடங்களில் பார்த்துவிட்டேன். தவளைக்குப் பதில் ஒன்றில் செருப்பு, ஒன்றில் மீன். எது முதலில் வந்தது என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கும் அது தீராத குடைச்சல்தான்.

அந்த வருடம் டூரிங் டாக்கீசுக்கு ஒரு ராஜா ராணிப் படம் வந்தது; அதிலும் மாற்றாந்தாயிடம் சிக்கிய ஒரு பெண். பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னேன்.

"சின்னம்மா, உங்க கதை தப்புங்க. அவ திரும்பி வந்துட்டா!"

புளி தட்டும் கை நின்றது.

"வந்தாளா? அவங்கப்பன் கதவத் தொறந்தானா?"

"தொறந்து கட்டிப் புடிச்சி அழுதாருங்க."

"பொய் சொன்னீன்னா வாய் நெறையப் புளியங்கொட்டைய அடைச்சிருவேன்."

மறுநாள் முதல் ஆட்டத்துக்குச் சின்னம்மாவை அழைத்துப்போனேன். அவர் பார்த்த முதல் சினிமா அது. பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்ததும் தொடங்கிவிட்டார். திரையில் யார் எது பேசினாலும் ஒரு 'ஹூம்'. முன்னால் இருந்த அம்மாள் திரும்பினார்.

"ஏம்மா, நீ உம் கொட்டலைன்னா மிசினு நின்னுருமா?"

சுற்றிலும் சிரிப்பு. எனக்கு மானம் போயிற்று. அவருடைய 'ஹூம்'களை நாற்பத்து மூன்று வரை எண்ணினேன். கடைசியில் அந்தப் பெண் பிறந்த வீட்டு வாசலில் நின்றாள். தகப்பன் கதவைத் திறந்தான். சின்னம்மாவிடமிருந்து சத்தமே இல்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, கல்யாணப் புடவையைக் கட்டி, பையில் நல்ல புளியாகப் பார்த்து எடுத்துவைத்து, பிறந்த ஊருக்குப் பஸ் ஏறினார். சித்தப்பா, "வேண்டாம்னு சொன்னா கேக்கவா போற," என்றார். சினிமாவிலேயே தகப்பன் கதவைத் திறந்துவிட்ட பிறகும் இவர் ஏன் தடுக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டார். பை போனபடியே கனத்தது. சித்தப்பா எதுவும் கேட்காமல் அதை வாங்கி உள்ளே வைத்தார். நான்தான் கேட்டேன்.

"பாத்தீங்களா சின்னம்மா?"

"கதவு சாத்தியிருந்துது சாமி."

இரண்டு பஸ் மாறிப் போனது வீணாயிற்றே என்றிருந்தது எனக்கு. "ஊருக்குப் போயிருப்பாங்க. அடுத்த ஞாயிறு போங்க, இருப்பாங்க," என்றேன். அந்த ஞாயிறும் சொன்னேன், அதற்கடுத்த ஞாயிறும் சொன்னேன். சாத்திய கதவுக்கு உள்ளே ஆட்கள் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.