குடிலில் குடியேறிய சனியன்

என் வீட்டுக்காரர் எட்வின் நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எனக்குச் சொல்லத் தோன்றாது. குடி இல்லை, சிகரெட் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டதில்லை. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரீஷியன். அவருடைய அப்பா தேவசகாயமும் அங்கேதான் வேலை பார்த்து ரிட்டயர் ஆனார். ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து குடும்பம் வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டதால் இவருக்குத் தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே மூச்சில் வரும். எல்லாம் சரி, ஒரே ஒரு கோளாறுதான். ரோட்டில் எது அனாதையாகக் கிடந்தாலும் இந்த மனுஷர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

அப்படி வந்ததுதான் சீசர். போலாரம் ஸ்டேஷன் தண்டவாளத்தில் ஒரு காலைக் கொடுத்துவிட்டுக் கிடந்த நாய். டியூட்டி பேன்ட்டெல்லாம் ரத்தமாக அதை மடியில் வைத்து ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்தார். அடுத்தது பேகம், சாக்கடைக்குள்ளிருந்து எடுத்த ஒற்றைக் கண் பூனை. பெயருக்கு ஏற்ற திமிர். அப்புறம், மாற்றலாகிப் போன மிலிட்டரிக்காரர் வீட்டு லவ் பேர்ட்ஸ் ஜோடி. என் சோபாவில் நாய் மயிர், என் நைட்டியில் பூனை மயிர், டீவி மேல் தினை உமி. ஒருநாள் ரசத்தில் என்ன மிதந்தது தெரியுமா? சீ, வேண்டாம், சாப்பிடுகிற நேரமாக இருந்தால் உங்களுக்கும் குமட்டும்.

எனக்குப் பிறவியிலேயே அருவருப்பு அதிகம். பல்லியைப் பார்த்தால் அந்த அறைக்குள் போகமாட்டேன். இப்படிப்பட்டவளை இப்படிப்பட்டவருக்குக் கட்டிவைத்தார்கள்.

போன டிசம்பரில் எங்கள் மகள் ஜெஸ்ஸி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளை இங்கே அழைத்துவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை ஆண்டனிக்கு ராமச்சந்திராபுரம் ஃபாக்டரியில் வேலை, டவுன்ஷிப்பில் வீடு. மாப்பிள்ளை தங்கம். அவருடைய அம்மா, அதாவது என் சம்பந்தியம்மா, வேறு மாதிரி. ஒரு டம்ளரைக் கொடுத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

"நாய், பூனை, பட்சின்னு ஒரு மிருகக்காட்சி சாலையே வச்சிருக்கீங்க. அந்த மயிரும் தூசியும் பச்சைப் புள்ளைக்கு ஆகுமா?" என்று போனிலேயே ஆரம்பித்துவிட்டார். கடைசியில், "சரி, கிறிஸ்துமஸ் அன்னிக்கு நானே வந்து பாக்குறேன். சுத்தமா இருந்தா இங்கேயே பிரசவம். இல்லேன்னா அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார்.

ஜெஸ்ஸியை நான் பெற்றபோது எனக்கு அம்மா கிடையாது. மாமியார் வீட்டில், ஒரு கஷாயம் வேண்டுமென்றால்கூட யாரைக் கேட்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். என் மகளுக்கு அந்த நிலைமை வரக்கூடாது என்று அன்றைக்கே முடிவு பண்ணியவள் நான். அதனால் நாயைக் குளிப்பாட்டி, பூனைக்குச் சீப்புப் போட்டு, பறவைக் கூண்டைப் பின் வராண்டாவுக்குத் தள்ளி, வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் பின் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிற அனிருத் லீவுக்கு ஊருக்குக் கிளம்பினான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற பையன், சத்தம் போட்டுப் பேசமாட்டான். இவரிடம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்துவிட்டு, "அங்கிள், டூ வீக்ஸ்தான்" என்றான். உள்ளே தேங்காய் நார்த்தூள். ஏதோ செடி என்று குனிந்து பார்த்தேன். செடி நடந்தது.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. கறுப்பு உடம்பு, உடம்பெல்லாம் மயிர், முழங்காலுக்கு முழங்கால் செம்பட்டைப் பட்டை. டாரன்டுலாவாம், கொஞ்சுவதற்கு ரோஸி என்று பெயராம். நான் போட்ட கூச்சலில் சீசர் மூன்று காலில் தெருவுக்கே ஓடிவிட்டது.

"ஏங்க, புள்ளத்தாச்சி இருக்கிற வீடு! உங்களுக்கு மூளை கீளை இருக்கா?"

"காய்கு டென்ஷன்? எதுக்கு டென்ஷன் ஸ்டெல்லா? பாவம், சாது ஜீவன். பொட்டச்சி வேற. இருபது வருஷம் உசிரோட இருக்குமாம்" என்றார் இவர், ஏதோ எனக்குச் சந்தோஷமான சேதி சொல்வதுபோல.

அதோடு போயிற்றா? அதற்குத் தீனி என்று ஒரு ஊறுகாய் பாட்டில் நிறைய உயிருள்ள கரப்பான் பூச்சி! கல்யாணமான நாளிலிருந்து நான் செருப்பும் கையுமாகக் கரப்பானை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். இந்த மனுஷர் மூடியில் ஓட்டை போட்டு, கேரட் துண்டு வைத்து வளர்க்கிறார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. டப்பாவும் பாட்டிலும் ஸ்டோர் ரூமைத் தாண்டி வரக்கூடாது என்று ஜெபமாலை மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் இவர் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது பங்குக் கோவிலிலிருந்து கிறிஸ்துமஸ் கேரல் பாடுகிறவர்கள் வந்துவிட்டார்கள். கிட்டார் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடியவர், மூடியின் கிளிப்பைப் போட மறந்துவிட்டார். பாட்டு முடிந்து, கேக் கொடுத்து அனுப்பிவிட்டுப் போய்ப் பார்த்தால் டப்பாவில் நார்த்தூள்தான் இருக்கிறது.

வந்து என் காதில் சொன்னார். நான் சோபா மேல் ஏறி நின்றுவிட்டேன்.

அதன் பிறகு நாங்கள் தேடாத இடமில்லை. ஜெஸ்ஸியைக் கட்டில் மேல் ஏற்றிக் காலைத் தொங்கப்போடாதே என்று சொல்லிவிட்டு, மெத்தையை உதறினோம், பீரோவை நகர்த்தினோம், செருப்பு ஷூ எல்லாவற்றையும் கவிழ்த்தோம். அரிசி டின்னுக்குள் கண்ணை மூடிக்கொண்டு கை விட்டேன். இரண்டு நாளாக எதைத் தொட்டாலும் மயிர் தட்டுப்படுவதுபோலவே இருந்தது. என் தலைமுடி கழுத்தில் பட்டதற்கே ஒரு தடவை அலறினேன்.

"மம்மி, ப்ளீஸ் யா, நீ கத்துறதுலதான் எனக்கு டெலிவரி ஆயிடும்" என்றாள் ஜெஸ்ஸி. வாய்தான் அப்படி. பாத்ரூமுக்குக்கூட என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

பாக்கி இருந்தது ஹால் மூலையில் இருந்த கிறிஸ்துமஸ் குடில் ஒன்றுதான். அதை வருஷா வருஷம் இவர்தான் கட்டுவார். சிமென்ட் பை காகிதத்தைக் கசக்கி, பெயின்ட் தெளித்து மலை; அடியில் குகை; குகை நிறைய வைக்கோல்; உள்ளே ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு. புது எல்.இ.டி. இவருக்கு ஆகாது, பாலன் ஏசுவுக்குக் கதகதப்பு வேண்டுமாம். சுற்றிலும் மாதா, சூசையப்பர், மாடு, ஆடு. அதோடு ஜெஸ்ஸி சின்ன வயதில் விளையாடிய சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, டைனோசர் எல்லாம் நிற்கும். எங்கள் ஆட்கள் வீட்டுக் குடிலில் எந்த மிருகத்தையும் யாரும் வெளியே போ என்று சொல்வதில்லை.

"குடிலையும் ஒருக்கா பாத்துடவா?" என்று கேட்டார்.

"நக்கோ, வேணவே வேணாம்! கை வச்சீங்க, தெரியும் சேதி. சாமியார் வந்து மந்திரிச்ச குடில். மூணு ராஜா திருநாள் வரைக்கும் ஒரு வைக்கோலைக்கூட அசைக்கக் கூடாது. மந்திரிச்ச இடத்துல அந்தச் சனியன் போய் ஒண்டுமா?"

"அது மந்திரிச்ச இடம்னு அதுக்குத் தெரியணுமே ஸ்டெல்லா" என்றார் மெதுவாக. நான் பார்த்த பார்வையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூம் பக்கம் போய்விட்டார்.

பேகம் அந்த இரண்டு நாளும் குடிலுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தது, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு. வைக்கோலில் அசிங்கம் பண்ணத்தான் நோட்டம் பார்க்கிறது என்று நான் விளக்குமாற்றால் விரட்டினேன். போய்விட்டுத் திரும்ப வந்து அதே இடத்தில் உட்காரும். சீசரோ மூலையை முகர்ந்துவிட்டு வந்து தும்மு தும்மென்று தும்மியது, மூக்கைத் தரையில் தேய்த்தது. பெயின்ட் நெடி என்று நினைத்துக்கொண்டேன். வாயில்லா ஜீவன்கள் இரண்டும் அவற்றுக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் சம்பந்தியம்மா வந்துவிட்டார், மாப்பிள்ளையோடு. வாசல்படியில் நின்றே மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். பினாயில் வாசனை தவிர ஒன்றும் இல்லை. சோபாவில் விரலைத் தேய்த்துப் பார்த்தார். மயிர் இல்லை. ஜெஸ்ஸி என்னைப் பார்த்தாள், நான் ஜெஸ்ஸியைப் பார்த்தேன்.

"பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு, எங்கள் வழக்கப்படி முதலில் குடிலுக்குப் போய் முழங்காலில் நின்றார். சிலுவை போட்டு, பாலனின் பாதத்தைத் தொட்டு முத்தம் வைத்தார். கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்ததால் முகம் வைக்கோலுக்குள்ளேயே போகிற அளவு குனிந்திருந்தார். நான் ஜூஸ் டிரேயோடு பின்னால் நின்றேன்.

"இது என்னம்மா, கொரில்லாவா? மயிரெல்லாம் வச்சுத் தத்ரூபமா செஞ்சிருக்கான்" என்றார்.

எங்கள் வீட்டில் கொரில்லா பொம்மை கிடையாது.

எட்டிப் பார்த்தேன். மாட்டுக்குப் பக்கத்தில், சிவப்பு வெளிச்சத்தில், எட்டுக் காலையும் மடக்கி உட்கார்ந்திருந்தது அது. ஒரு ஜாண் தள்ளிப் பாலன். சம்பந்தியம்மா அதை எடுத்துப் பார்க்கக் கையை நீட்டினார்.

கத்தினால் தீர்ந்தது. அவர் தொட்டாலும் தீர்ந்தது. என் மகள் அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார் ஏறியிருப்பாள். நான் என்ன செய்தேன் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. டிரேயை டீப்பாயில் வைத்தேன். அவர் கைக்கு முந்தி என் கையை விட்டேன்.

"ஐயோ, எலி கடிச்ச பழைய பொம்மை சம்பந்தியம்மா. இதையும் கொண்டாந்து வச்சிருக்காரு பாருங்க, ரசனை கெட்ட மனுஷன்" என்று சொல்லிக்கொண்டே, அதை அப்படியே வலது கையால் அள்ளினேன்.

ஐயோ, சாமி! அது பாரமாக இருந்தது. நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. குளிர்ச்சியாக, மெத்துமெத்தென்று, உள்ளே ஏதோ ததும்புகிற மாதிரி. ஒவ்வொரு காலாக என் உள்ளங்கையில் எடுத்து வைத்தது. காலின் நுனி ஒவ்வொன்றும் லேசாக ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. இடது கையை மேலே கவிழ்த்து மூடிக்கொண்டேன். மூடியதும் அது உள்ளே ஒரு சுற்றுச் சுற்றியது. என் முகம் அப்போது எப்படி இருந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று ஜெஸ்ஸி சத்தியம் பண்ணுகிறாள்.

"ஜூஸ் எடுத்துக்கங்க, இதைக் குப்பையில போட்டுட்டு வந்துடறேன்" என்று சமையலறைக்கு நடந்தேன். ஓடவில்லை. காலியாக இருந்த முறுக்கு டின்னில் போட்டு மூடி, மேலே குழவிக் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, சிங்க்கில் குனிந்து ஓங்கரித்தேன். துணி சோப்பு, பாத்திரம் தேய்க்கிற சோப்பு, வினிகர், எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கை தீயாய் எரிந்தது. அதன் முதுகு மயிரெல்லாம் என் தோலில் ஏறியிருந்தது.

அதற்குள் இவர் பின்னாலேயே வந்தார். டின்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

"அதுக்குக் கால் எதுவும் ஒடியலையே?" என்றார்.

கையில் கரண்டி இருந்தது. கூடத்தில் சம்பந்தியம்மா இருந்ததால் பிழைத்தார்.

"வாயை மூடிக்கிட்டுப் போய்ப் பிரியாணி பரிமாறுங்க. எனக்குச் சோத்துக் கை போச்சு, பீச்சாங்கையால போட்டா அந்தம்மா எழுந்தே போயிடும்" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. வந்தவர்களுக்கு அன்றைக்கு இவரே பரிமாறினார். "வீட்டு ஆம்பளையை இப்படிப் பழக்கி வச்சிருக்கீங்களே" என்று சம்பந்தியம்மா ஆச்சரியப்பட்டார்.

கிளம்பும்போது ஜெஸ்ஸியின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "ஜெஸ்ஸி இங்கேயே இருக்கட்டும். ஒரு பழைய பொம்மையைக்கூட உங்களால சகிச்சுக்க முடியல. இவ்வளவு சுத்தம் பாக்குற வீட்டுல புள்ளை பொறந்தா எனக்கென்ன பயம்?"

கார் திரும்பியதும் நான் வராண்டாவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சந்தோஷமா, எரிச்சலா, அருவருப்பா, எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இவர் டின்னில் இருந்ததைப் பழைய டப்பாவுக்கு மாற்றிக் கிளிப் போட்டுவிட்டு, செல்லோ டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வந்து எதிரே சம்மணம் போட்டார். என் கையை மடியில் வைத்து, டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்து, கண்ணுக்குத் தெரியாத அந்த மயிர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சீசருக்குக் கட்டுப் போடும்போது நாக்கை லேசாகக் கடித்துக்கொள்வார், அப்படியே கடித்துக்கொண்டிருந்தார்.

"எரியுதா?" என்றார்.

"பின்னே, குளுகுளுன்னா இருக்கும்?" என்றேன். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஜெஸ்ஸி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மம்மி, நீ பல்லியைக்கூடப் பாக்க மாட்டே. அதைக் கையில எடுத்தியே" என்றாள்.

"ஆமா, எடுத்தேன். இன்னும் ரெண்டு இருந்தாலும் எடுத்திருப்பேன். நீ போயிட்டா நான் யாருக்குடி கஷாயம் வைப்பேன்?" என்றேன். சொன்னதும் அந்தக் கால்கள் ஞாபகம் வந்து, எழுந்து மறுபடியும் சிங்க்குக்கு ஓடினேன்.