ஏழடி ராட், மூவாயிரம் ரீல்

ரெண்டு மூணு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம். வேப்பூரிலிருந்து வந்த ஓர் அம்மா, என் கடையில் நல்ல உயரமான ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரியாதா? பேப்பரில் சுற்றிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி...

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அடியில ஒரு புள்ளி இருக்குதுங்க. பாத்துட்டீங்களா?”

என் வீட்டுக்காரர்.

அந்த அம்மா ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தார். கடுகு அளவுக்கு ஒரு புள்ளி. சூளையில் வெந்து வந்த பீங்கானில் ஒரு புள்ளி இருக்காதா? என் முகத்தில்கூட ரெண்டு இருக்கிறது. “அப்புறமா வரேங்க” என்று ஜாடியை வைத்துவிட்டு அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டார்.

“ஏங்க இப்படிப் பண்ணீங்க?”

“தெரிஞ்சுக்கிட்டே மறைக்கிறது தப்பு மெஹரு.”

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் இருக்கும் என் பீங்கான் கடையைத் தெரியும். என் வீட்டுக்காரரைத் தெரியாது. எனக்கே இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கிறது. கல்யாணமான புதிதில் மஸ்கட் போனவர். லீவில் வருவார், வாங்கி வந்த சாக்லேட் தீர்வதற்குள் கிளம்பிவிடுவார். இந்த வருஷம்தான் ஒரேயடியாக வந்து சேர்ந்தார். அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசர்.

கம்பெனியை விட்டுவிட்டு வந்தார். சேஃப்டியைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்த வாரமே வாசல்படி விளிம்பில் மஞ்சள்-கறுப்பு டேப் ஒட்டினார். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் பெயர் எழுதினார். நான் தாளிக்கும்போது பின்னால் நின்று, “எண்ணெய் தெறிக்கும், ஓரடி தள்ளி நில்லு” என்றார். ஓரடி தள்ளி நின்று எப்படித் தாளிப்பது? கரண்டியைக் கட்டையில் கட்டியா?

வீட்டோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். காலையில் நான் கடை திறக்கும்போது கூடவே வந்து ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அகல் விளக்கு வாங்க வந்தவரிடம், “திரைச்சீலை பக்கத்துல வைக்காதீங்க.” பீங்கான் பொம்மை வாங்கிய புதுமணத் தம்பதியிடம், “புள்ள பொறந்தா இதை எடுத்து ஒளிச்சு வெச்சுடுங்க.” வந்தவர்கள் எல்லோரும் அறிவோடு திரும்பிப் போனார்கள். ஜாடியோடு போனவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

சண்டை போட மனசு வரவில்லை. இத்தனை காலம் வெயிலில் நின்றுவிட்டு வந்த மனுஷன். ஆனால் கடை நான் தனியாக நின்று வளர்த்த கடை. ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும். ஆளை நோகடிக்காமல் வெளியே அனுப்ப வேண்டும்... எங்கே?

அப்போதுதான் மீன் ஞாபகம் வந்தது.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்குத்தான் நிதானமாக ஃபோன் பேசுவார். “இன்னைக்குக் கடற்கரைக்குப் போனோம், தூண்டில் போட்டோம்” என்பார். கையில் மீனோடு போட்டோ அனுப்புவார். விட்ட மீன், பிடித்த மீன், நூலை அறுத்துக்கொண்டு ஓடிய மீன்... வாராவாரம் கதைதான். இவ்வளவு ஆசை இருப்பவருக்கு ஒரு நல்ல தூண்டில் வாங்கிக் கொடுத்தால் ஏரிக்கரையே கதி என்று கிடக்க மாட்டாரா?

ரகசியமாகப் படிக்க ஆரம்பித்தேன். யூடியூபைத் திறந்தால் எல்லாரும் அமெரிக்காக்காரர்கள். எல்லாரும் பாஸ் என்ற ஒரே மீனைத்தான் பிடிக்கிறார்கள். ஸ்பின்னிங் ராட் என்கிற கம்பு, நூலைச் சுற்றும் ஸ்பின்னிங் ரீல், எப்படி வீசுவது, எப்படிச் சுற்றுவது... கல்லாவில் உட்கார்ந்து காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். என் நாத்தனார் பரீதா எட்டிப் பார்த்தாள்.

“என்னா அண்ணி பாக்குறீங்க?”

“பாஸை எப்படிப் புடிக்கிறதுன்னு.”

“எந்தக் கம்பெனி பாஸு?”

விஷயத்தைச் சொன்னேன். தன் அண்ணனை வெளியேற்றும் திட்டத்துக்கு அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். “நம்ம வூட்டு மோட்டாருக்கும் வந்து பேரு எழுதிட்டுப் போயிருக்குது. எப்ப போலாம்?” என்றாள்.

துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ரெண்டு பேரும் கடலூருக்கு பஸ் ஏறினோம். துறைமுகத்துப் பக்கம் மீன்பிடி சாமான் விற்கும் ஒரு கடை. கடைக்காரர் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் ஆம்பளை யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். யாரும் வரவில்லை.

“என்னா மீனுக்குமா?”

“பாஸுக்கு” என்றேன், தெரிந்தவள் மாதிரி.

அவர் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன். “வீடியோ பாத்துட்டு வந்திருக்கீங்க. அந்த மீனு நம்ம பக்கம் கெடையாதுமா. எங்க போடப் போறாங்க, கடலா ஏரியா?”

“ஏரி.”

“அப்ப விராலு. கவலைப்படாதீங்க, பாஸுக்கு எடுக்குற ராடே விராலுக்கும் ஆவும். ரெண்டும் செடிக்குள்ள ஒளிஞ்சிருந்து பாயுற ஜாதி.”

ராட்களை வரிசையாக எடுத்துப் போட்டார். மெல்லியதாக ஒன்றை நான் தொட்டதும் தலையை ஆட்டினார். “இது லைட்டு. அல்லிக்குள்ள பூந்த விராலை இதால இழுக்க முடியாது. இதோ இது ஹெவி. காலையிலேர்ந்து வீசுனா தோள்பட்டை போயிடும். ரெண்டே நாள்ல பரண்ல போட்டுடுவாங்க.”

பரணா? பரணுக்குப் போகாத ராட்தான் எனக்கு வேண்டும்.

“அப்ப இதுக்கு நடுவுல?”

“மீடியம் ஹெவி. ஏழடி. ரெண்டு துண்டாக் கழட்டலாம், பஸ்ஸுல எடுத்துட்டுப் போவ வசதி.” என் கையில் கொடுத்துவிட்டு நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார். “நுனி மட்டும் வளையணும். அடி நிமிந்து நிக்கணும். பாத்தீங்களா?”

“எங்க அண்ணன் எந்தப் பக்கமும் வளையாதுங்க” என்றாள் பரீதா.

“ரீலு ரெண்டாயிரத்தி ஐநூறு போடவா, மூவாயிரமா, நாலாயிரமா?”

“கொறைச்சுச் சொல்லுங்க” என்றேன்.

“வெலை இல்லமா. சைஸு.”

நாலாயிரத்தை ராடில் மாட்டி, ரீலுக்கு முன்னால் ஒரே விரலில் தாங்கிக் காட்டினார். பின்பக்கமாகச் சாய்ந்தது. மூவாயிரத்தை மாட்டினார். தராசு மாதிரி நின்றது. எனக்கே ஒரு சந்தோஷம். பின்னல் நூல் ஒரு உருண்டை, வயிற்றில் கொக்கியை மறைத்து வைத்திருக்கும் ரப்பர் தவளை ஒன்று. எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தார்.

“எவ்ளோ தூரம் போவும்?” பரீதா கேட்டாள்.

“நல்லா வீசுனா அந்த எதிர்க்கடை வரைக்கும் போவும்மா.”

“தவளை இல்லீங்க. எங்க அண்ணன்.”

வீட்டுக்கு வந்து நீட்டினேன். அவர் ராடைப் பார்த்தார். ரீலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “எனக்கா?” என்றார். அந்த முகத்தில் சந்தோஷம் இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. ஆபத்தான இடத்தில் ஹெல்மெட் இல்லாமல் நிற்பவனைப் பார்த்தது மாதிரி... எனக்கு அப்போது புரியவில்லை.

அதற்கப்புறம் ஆள் அசையவில்லை. ஏரிக்குப் போகலாமே என்றால், “வெயிலு கொறையட்டும்.” வெயில் குறைந்தால், “காத்து அடிக்குது.” ராட் பீரோ ஓரத்தில் உறையோடு நின்றது. அவர் கடையில் ஸ்டூலோடு இருந்தார்.

விடுவேனா? ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பாடு முடிந்து, அவர் படுக்கப் போகும் நேரமாகப் பார்த்து ஸ்கூட்டியை வெளியே எடுத்தேன். ஸ்ரீமுஷ்ணம் போகிற ரோட்டில் உள்ளே தள்ளி ஓர் ஏரி. குத்தகைக்காரர் எங்கள் கடை வாடிக்கை. “வலை போடாம தூண்டில் போட்டுக்கோங்க” என்று முன்பே சொல்லிவிட்டார். தப்பிக்க வழியில்லை. ராடை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. அல்லி இலை பாய் விரித்த மாதிரி கிடந்தது. ராடை மாட்டி, தவளையைக் கட்டிக் கொடுத்தேன். நான்தான் கட்டினேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அவர் மூச்சை இழுத்துக்கொண்டு ஓங்கி வீசினார். தவளை போகவில்லை. வேகமாகச் சுற்றி வந்து அவர் தொப்பியில் அடித்தது.

“ரீல்ல நூலைப் புடிச்சிருக்குற அந்தக் கம்பியைத் தொறக்கணுங்க.”

“எந்தக் கம்பி?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஏரியைப் பார்த்தார். அப்புறம் கரையில் உட்கார்ந்துவிட்டார். உட்காரும் முன் கரை உறுதியாக இருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்க்கத் தவறவில்லை.

“மெஹரு, ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“நான் தூண்டிலைத் தொட்டதே இல்ல.”

“மஸ்கட்ல?”

“ரூம்ல கூட இருந்த பாபுதான் மீன் புடிப்பான். மலையாளி. நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன்.”

“கையில மீனோட போட்டோ?”

“அவன் புடிச்சதுதான். கொஞ்ச நேரம் குடுறான்னு வாங்கி எடுத்துப்பேன்.”

“எல்லாமுமா?”

“எல்லாமுந்தான்.”

இத்தனை வருஷம் எனக்கு ரீல் விட்டவருக்கு, நான் கடலூர் போய் விரலில் நிறுத்திப் பார்த்து ரீல் வாங்கி வந்திருக்கிறேன். சிரிப்பதா, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதா?

“எதுக்குங்க பொய் சொன்னீங்க?”

அவர் ஒரு புல்லைக் கிள்ளினார். “ஃபோன் பண்ணா நீ கேப்ப, லீவு நாள்ல என்னா பண்ணீங்கன்னு. துணி தொவைச்சேன், தூங்குனேன். ஒரு வாரம் சொல்லலாம், ரெண்டு வாரம் சொல்லலாம். துணி தொவைச்சேன்னு எத்தனை வருசம் சொல்றது? மீனுன்னா நீ நெறைய கேப்ப. என்னா மீனு, எவ்ளோ பெருசு, கொழம்பு வெச்சீங்களான்னு... கூடக் கொஞ்ச நேரம் ஃபோன்ல இருப்ப.”

ஆமாம், கேட்டேன். குழம்பில் புளி எவ்வளவு போட்டீர்கள் என்றுகூடக் கேட்டிருக்கிறேன். அந்தப் புளிக்கணக்கை அவர் எங்கே போய் விசாரித்தாரோ.

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நானும் ஒண்ணு சொல்லணும். உங்களைக் கடையிலேர்ந்து கெளப்பத்தான் இதை வாங்கினேன்.”

அவர் தொப்பியைக் கழற்றித் தட்டினார். “புள்ளி விஷயமா?”

“புள்ளி விஷயந்தான்.”

“அது கண்ணுக்குத் தெரியுதே மெஹரு...”

“எனக்கும் தெரியும்.”

அவர்தான் முதலில் சிரித்தார்.

அப்புறம் நான் எழுந்து ராடை எடுத்தேன். ஆள்காட்டி விரலில் நூலைப் பிடித்து, கம்பியைத் திறந்து, கையைப் பின்னால் கொண்டுபோய் வீசினேன். முதல் வீச்சு கருவேலஞ்செடியில் போய் மாட்டியது. அமெரிக்காக்காரர்கள் இதையெல்லாம் வீடியோவில் காட்டுவதில்லை. அவர் போய் எடுத்து வந்தார், முள் குத்தாமல், துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு. அதற்கப்புறம் சில வீச்சுகள் நன்றாகவே விழுந்தன. தவளையை அல்லி இலைமேல் தத்தித் தத்தி இழுத்தேன். மறுபடி வீசினேன்.

இலை நடுவில் தண்ணீர் பிளந்தது. தவளையைக் காணோம்.

ராட் நுனி வில்லாக வளைந்தது. கடைக்காரர் சொன்ன மாதிரியே அடி நிமிர்ந்து நின்றது. நான்தான் நிற்கவில்லை. கால் வழுக்கியது.

“வெளிம்புல நிக்காத” என்று அவர் என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இத்தனை மாதத்தில் அவர் சொன்ன சேஃப்டியில் அது ஒன்றுதான் எனக்கு உதவியது. ராடை அவர் கையில் திணித்தேன்.

“நீங்க சுத்துங்க.”

“எனக்குத் தெரியாதே.”

“முன்னால சுத்துங்க. நிறுத்தாதீங்க.”

சுற்றினார். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “விட்டுடும், விட்டுடும்” என்று முனகிக்கொண்டே சுற்றினார். அல்லிக்கொடியோடு சேர்ந்து கரைக்கு வந்தது விரால். கறுத்த முதுகு, பாம்புத் தலை. ஒன்றரைக் கிலோ இருக்கலாம். துண்டைப் போட்டு அமுக்கித் தூக்கினார். சட்டையெல்லாம் சேறு. இதற்கு முன் எத்தனையோ போட்டோவில் அவர் கையில் மீனைப் பார்த்திருக்கிறேன். ஒன்றில்கூடச் சட்டையில் சேறு இருந்ததில்லை.

அங்கேயே போட்டோ எடுத்து பாபுவுக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது. “ஆரு பிடிச்ச மீன்?”

விரலை ஃபோன்மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ராடைக் கழற்றுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். என்ன பதில் போட்டார் என்று இதுவரை கேட்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு பேருமே ஏரிக்கரையில். பாதி நாள் வெறுங்கையோடு வருகிறோம். மற்ற நாட்களில் அவர் பழையபடி கடையில்தான். திட்டம் தோற்றது என்று பரீதா சொல்கிறாள். முழுக்கத் தோற்கவில்லை. ஜாடியின் அடியைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. வருகிறவர்களை உட்கார வைத்து விரால் கதை சொல்கிறார். கேட்டு முடிப்பதற்குள் நான் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிடுகிறேன்.

நேற்றுக் கேட்டபோது மீன் நாலு கிலோ. ஏரியில் இருந்த காலத்தைவிட எங்கள் கடையில்தான் அது நன்றாக வளர்கிறது.