யெஸ் கொடுத்த பெருநகர்க்காரர்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில்தான் அவரைப் பார்ப்பேன். பக்கத்தில் பெருநகர் என்ற கிராமத்து விவசாயி. வெயிலில் கறுத்த முகம், சேறு காயாத கால். உட்கார்ந்ததும் தோள்துண்டால் கம்ப்யூட்டர் திரையைத் துடைப்பார். மஸ்கட்டில் நர்ஸாக இருந்த மகளின் படம் அவளுடைய ஆஸ்பத்திரியின் வெப்சைட்டில் இருந்தது. தேடும் கட்டத்தில் ஆஸ்பத்திரி பெயரை ஒற்றை விரலால் அடித்து, முதலில் வரும் வரியைத் தட்டுவார். அவருடைய இன்டர்நெட் அவ்வளவுதான்.

ஒருநாள் பதறிப்போய் என் தோளைத் தொட்டார்.

"சார், பொண்ணைக் காணோம் சார். தேடற பக்கமே வேற மாரி கீது."

"என்ன பண்ணினீங்க?"

"இன்னாவோ கேட்டுச்சு. யெஸ் குடுத்தேன்."

ஏதோ ஒரு வெப்சைட், இனி எப்போதும் எங்கள் வழியாகவே தேடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறது.

"படிக்காமலா யெஸ் கொடுப்பீங்க?" என்றேன், எந்த நிபந்தனையையும் இதுவரை படித்திராத நான்.

"கேக்கறவன்கிட்ட மூஞ்சில அடிச்சா மாரி இல்லன்னு எப்டி சார் சொல்றது?"

பழைய தேடுபொறியை மீட்க எனக்கு வெகுநேரம் ஆனது. நிபுணன்போல முகத்தை வைத்துக்கொள்வதிலேயே பாதி நேரம் போயிற்று. கடைசியில் படம் வந்தது. பின்வரிசையில், யாரோ ஒரு டாக்டரின் தோளுக்குப் பின்னால், அரை முகம். அவர் திரையை இன்னொரு முறை துடைத்தார்.

மூடாமல் விட்டிருந்த அந்த வெப்சைட் மறுபடியும் அதையே கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரையிடம், "வேணாம் நைனா, கோச்சிக்காத. பொண்ணு இங்கதான் கீது" என்று சொல்லி 'நோ'வைத் தட்டினார்.

அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வி இன்றும் என் திரையில் வருகிறது. நானும் 'நோ'தான் தட்டுகிறேன். ஆனால் பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, கோச்சிக்காத என்று சொல்லிவிட்டுத்தான்.